எங்கள் ஷிப்டின் கடைசி மனிதர்

தில்லியில் கடைசி மதிப்பெண் வாங்குவதற்காக விழுந்து விழுந்து படித்த ஒரே மனிதர் எங்கள் மைனஸ் மாமாதான். முதல் மதிப்பெண்ணுக்குப் படிப்பவர்கள் இந்த ஊரில் தெருவுக்கு நானூறு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காக மெட்ரோ தூண் ஒவ்வொன்றிலும் கோச்சிங் விளம்பரம் தொங்குகிறது. கடைசி இடத்துக்குக் கோச்சிங் கிடையாது. அதனால் மாமா என்னிடம் படித்தார். அப்போது எனக்குப் பதினாறு வயது, அவருக்கு ஐம்பத்தேழு.

அவருக்கு நிஜப் பெயர் ஒன்று இருந்தது. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் அவர் வீட்டுக் கதவில் பித்தளைத் தகட்டில் அது பொறிக்கப்பட்டும் இருந்தது. யாரும் படித்ததில்லை. திருநெல்வேலிக்காரர். ஏதோ ஒரு அமைச்சகத்தில் தபால் பிரிவு. சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா இருக்கும், மூன்றும் எழுதாது. "எழுதுத பேனாவ வச்சிருந்தா ஆபீஸ்ல கேட்டு வாங்கிட்டுப் போயிருதான்" என்பார். எழுதும் பேனா ஒன்று அவர் சாக்ஸுக்குள் இருந்தது.

பதவி உயர்வுக்கான இலாகா தேர்வை அவர் பதினோரு தடவை எழுதித் தோற்றிருந்தார். வேறொருவராக இருந்தால் இதை மறைத்திருப்பார். மாமா சாதனையாகச் சொல்லுவார்.

"இருக்கிறது கொஞ்சம் எடம். நான் கீழ நின்னதாலதான எங்க செக்‌ஷன்ல ஏழு பேரு மேல போனான்? அதுல ஒருத்தன் இன்னைக்கு எனக்கே ஆபீசரு. பாக்கும்போதெல்லாம் சந்தோசமா இருக்கு."

எங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அம்மா காலனியின் பின்வாசலில் இட்லி மாவு விற்கிறார். அப்பாவுக்குப் பூங்காக்களில் தோட்ட வேலை. இருவரும் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. நான் மந்திர் மார்க்கில் தமிழ்ப் பள்ளியில் படித்தேன். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போட்ட முதல் கை என்னுடையது. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன், வேறு எதற்கும் இல்லை.

அம்மாவின் மாவு வரிசைதான் காலனித் தமிழர்களின் நாடாளுமன்றம். பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் மனிதர்களுக்குக் கருத்து பெருகிவிடும். அங்கேதான் ஒருநாள் மைனஸ் மாமா பிறந்தார்.

அவருடைய கொள்கை புரிய வேண்டுமானால் அந்தத் தேர்வின் கணக்கு கொஞ்சம் புரிய வேண்டும். கல்லூரிச் சேர்க்கைக்கான பொது நுழைவுத் தேர்வை எல்லோரும் ஒரே நேரத்தில் எழுத முடியாது. அவ்வளவு கம்ப்யூட்டர் கிடையாது. அதனால் பல நாள் நடக்கும், நாளுக்கு இரண்டு மூன்று ஷிப்ட். ஒவ்வொரு ஷிப்டுக்கும் வேறு வினாத்தாள். செவ்வாய்க்கிழமை காலையில் எழுதியவனுக்கு வெண்ணெய் மாதிரி தாள் வரும், புதன்கிழமை மதியம் எழுதியவளுக்குக் கருங்கல் வரும். இருவர் மதிப்பெண்ணையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் அநியாயம். அதனால், உன் ஷிப்டில் உன் அளவிலோ உனக்குக் கீழோ எத்தனை சதவீதம் பேர் நிற்கிறார்கள் என்று முதலில் பார்ப்பார்கள். அதுதான் பர்சென்டைல். பிறகு மற்ற ஷிப்டுகளில் அதே இடத்தில் நின்றவர்கள் என்ன வாங்கினார்கள் என்று பார்த்து, எல்லாவற்றையும் சராசரி எடுத்து, உனக்குப் புதிதாக ஒரு மதிப்பெண் தருவார்கள். தாள் கஷ்டமாக வந்தவர்களுக்கு ஏறும், சுலபமாக வந்தவர்களுக்கு இறங்கும். நார்மலைசேஷன் என்று பெயர்.

இறங்கியவர்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர். மூன்றாவது டவரிலிருந்து வந்த ஒரு தகப்பனார் அன்று மாவு வரிசையில் கத்திக்கொண்டிருந்தார்.

"என் பையன் எரநூத்திப் பத்து வாங்கினான் சார். நூத்தித் தொண்ணூறுன்னு போட்டு அனுப்பியிருக்கான். என் பையனோட இருபது மார்க் எங்க சார் போச்சு?"

வரிசையில் பின்னாலிருந்து மாமா சொன்னார்: "எங்கயும் போவல சார். லேசான பேப்பரு. கூட எழுதுன எல்லாவனும் எரநூறு வாங்கிருப்பான். ஒங்க பையனுக்குக் கீழ ஆளு பத்தல."

"கீழ ஆளு பத்தலையா?"

"ஆமா. மேல போறதுக்கு ரெண்டு வழிதான் இருக்கு. ஒண்ணு, நாம ஏறணும். இல்லன்னா இன்னொருத்தன் எறங்கணும். எறங்கத்தான் யாரும் வர மாட்டேங்கான். அந்தப் பரீட்சைக்கு வயசு வரம்பு கெடையாது, பன்னெண்டாப்பு பாஸ் பண்ணியிருந்தா போதும். நான் எழுதுதேன்."

அம்மா என் பக்கம் திரும்பினார். "இன்னாடி சொல்றாரு சாரு?"

"நம்ம காலனிப் பசங்க மேல வர்றதுக்காக இவரு பரீட்சை எழுதித் தோக்கப் போறாராம்மா."

அம்மா யோசித்தார். "ஆபீசுக்கு லீவு போட்டுட்டா?"

லீவு போட்டுவிட்டுத்தான். அடுத்த மே மாதம், வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், மாமா அட்மிட் கார்டும் தண்ணீர் பாட்டிலுமாகத் தேர்வு மையத்துக்குப் போனார். காவலாளி அவரை இரண்டு தடவை திருப்பி அனுப்பினாராம். "அங்கிள்ஜி, பேரண்ட்ஸ் உதர்!" பெற்றோர் அந்தப் பக்கமாம். மூன்றாம் தடவை கார்டிலிருந்த போட்டோவையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "பேட்டா கஹா(ங்) ஹே?" என்று பரிதாபமாகக் கேட்டாராம், மகன் எங்கே என்று. உள்ளே போனதும் நிலைமை தலைகீழ். பிள்ளைகள் இவரை மேற்பார்வையாளர் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். ஒரு பெண், "சர், மவுஸ் வேலை செய்யவில்லை" என்று ஹிந்தியில் புகார் சொல்ல, மாமா போய்ச் சரிசெய்து கொடுத்துவிட்டுத் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தார்.

அந்த வருடம் கணக்குத்தாளில் கேள்விகளைப் படிக்காமலேயே ஐம்பதுக்கும் குருட்டாம்போக்கில் விடை குறித்தார். தப்புக்கு ஒரு மதிப்பெண் கழிப்பார்கள் என்பதால் பாதாளத்துக்குப் போய்விடலாம் என்று கணக்கு. முடிவு வந்தது. பிளஸ் இருபத்திரண்டு.

மாமா இடிந்துபோனார். சரியான விடைக்கு ஐந்து மதிப்பெண். நாலில் ஒன்று தானாகவே சரியாக விழும் என்பதை அவர் யோசிக்கவில்லை. பன்னிரண்டு கேள்விகளில் அதிர்ஷ்டம் அடித்துவிட்டது. "இலாகா பரீட்சைல பதினோரு வருசமா வராத அதிர்ஷ்டம், இப்ப வந்து நிக்குது பாரு" என்றார் கசப்பாக.

அப்புறம்தான் அந்த மகத்தான உண்மை அவருக்குப் புலப்பட்டது. ஐம்பதும் தப்பாக வர வேண்டுமானால் ஐம்பதுக்கும் சரியான விடை தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால்தானே அதை விட்டுவிட்டு வேறொன்றைக் குறிக்க முடியும்?

இப்படித்தான் அவர் என்னிடம் வந்தார். சனி, ஞாயிறு காலைகளில் நான் அம்மாவுக்குத் துணையாகப் பின்வாசலில் உட்கார்ந்து பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். மாமா ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் போடுவார்.

"ஏ பிள்ள, இந்த மேட்ரிக்ஸ்ங்கிறத ஒரு தடவ சொல்லு. ஆனா முழுசாச் சொல்லு. அரைகுறையாத் தெரிஞ்சா சரியாப் போட்டுருவேன்."

நான் சொல்லிக்கொடுத்தேன். அவர் ஆபீஸ் தாளின் பின்பக்கத்தில் போடுவார். விடை வந்ததும் அதன்மேல் பெரிய பெருக்கல் குறி போட்டு, "இத தொடக் கூடாது" என்று எழுதிக்கொள்வார். அவர் மனைவியை நாங்கள் அத்தை என்று கூப்பிடுவோம். தூக்குச்சட்டியோடு மாவு வாங்க வருகிறவர், நின்று வேடிக்கை பார்ப்பார்.

"எப்படிப் படிக்காக ஒங்க மாமா?" என்று அத்தையே என்னிடம் கேட்பார்.

"நல்லாப் படிக்கிறாரு அத்தை. போன வாரம் பத்துக்கு ஏழு தப்பு. இந்த வாரம் ஒன்பது தப்பு."

"தேறிருவாக" என்பார் அத்தை, முகத்தில் ஒரு கோடு மாறாமல்.

இரண்டாம் வருடம் அவருக்கு ஃபரிதாபாத்தில் மையம் போட்டார்கள். ஷிப்டை நாம் தேர்ந்தெடுக்க முடியாது என்ற விஷயம் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்த ஷிப்டில் கிட்வாய் நகர்ப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. போகாமல் இருந்துவிடுவார் என்று நினைத்தோம். போனார். மைனஸ் முப்பத்திரண்டு வாங்கினார். பெயர் நிலைத்தது அன்றுதான்.

"யாருக்கு மாமா பிரயோஜனம்?" என்று கேட்டேன்.

"யாரு பெத்த பிள்ளையோ. போவட்டும், நல்லா இருக்கட்டும்" என்றவர், அடுத்த நொடியே குரலைத் தாழ்த்தினார். "மூணு சரியாப் போயிருக்கு பிள்ள. எதுன்னுதான் தெரியல. மனசு கெடந்து அடிக்குது."

மூன்றாம் வருடம் என்னுடைய வருடம். எனக்குப் புள்ளியியல் படிக்க வேண்டும், அதுவும் வடக்கு வளாகத்தில் ஒரு குறிப்பிட்ட கல்லூரியில். வேறு எங்கே கிடைத்தாலும் போக்குவரத்தும் கட்டணமும் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. கிடைக்காவிட்டால் லாஜ்பத் நகரில் ஒரு துணிக்கடையில் பில்லிங் வேலை தயாராக இருந்தது. அப்பா பேசி வைத்திருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஏசி போட்ட கடை, உட்கார்ந்து செய்யும் வேலை. எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் உட்கார்ந்து வேலை செய்ததில்லை.

மற்றப் பாடங்கள் நன்றாகப் போயின. கணக்குத்தாள் கடைசி. மாமாவுக்கும் எனக்கும் அதே நாள், அதே ஷிப்ட், ரோஹிணியில் அதே மையம். மாமா அட்மிட் கார்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு தடவை படித்துப் பார்த்தார்.

"இந்தத் தடவ மைனஸ் அம்பது பிள்ள. முழுசா."

மெட்ரோவில் அப்பாவும் வந்தார். வழி முழுக்க மாமா கண்ணை மூடிக்கொண்டு சூத்திரங்களை முணுமுணுத்தார். எதிரில் உட்கார்ந்திருந்த பஞ்சாபி அம்மாள் அதை மந்திரம் என்று நினைத்துக் கைகூப்பினார்.

தாள் கருங்கல். ஐம்பது கேள்வியில் எனக்குப் பாதிக்கு மேல் தெரிந்தாலே பெரிது என்றிருந்தது. ஒரு கணக்கில் சிக்கிப் பன்னிரண்டு நிமிடம் போனது. வெளியே வந்தபோது கேட்டைச் சுற்றி ஒரே அழுகை. நான் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நடைபாதையில் உட்கார்ந்து, எல்லோரையும்விடச் சத்தமாக அழுதேன். அப்பா வெயில் படாமல் எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

மாமா கடைசியாக வந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"என்னைய மன்னிச்சுரு பிள்ள."

"என்ன மாமா?"

"மொத கணக்க எடுத்தேன். ஒண்ணும் ஓடல. ரெண்டாவதும் ஓடல. எது சரின்னு தெரியாம எப்படித் தப்பாப் போட? அப்படியே விட்டுட்டு விட்டுட்டு வந்தேன். ஒன்பதாவது கணக்கு திடீர்னு வந்துட்டு. நானாப் போட்டேன் பிள்ள, அவ்வளவு நேரமா வராத எடத்துல விடை டக்குனு வந்து நின்னுச்சு. சந்தோசத்துல... சரியாவே அமுக்கிட்டேன்."

"சரி, விடுங்க."

"ஒண்ணு இல்ல. அதுக்கப்புறம் இன்னொண்ணு வந்துட்டு. அதையும் அமுக்கிட்டேன். கை கேக்க மாட்டேங்கு. பத்துப் பதினஞ்சு இருக்கும். ஒனக்குன்னு வந்துட்டு, ஒனக்கே துரோகம் பண்ணிட்டேன்."

எனக்குள் என்னவோ உடைந்தது. இன்றும் நினைத்தால் காது சூடாகிறது.

"போதும் மாமா! ஒரு ஷிப்ட்ல ஆயிரக்கணக்குல எழுதறாங்க. நீங்க சரியாப் போட்டாலும், தப்பாப் போட்டாலும், வீட்லயே படுத்துத் தூங்கினாலும் எனக்கு ஒண்ணும் ஆகாது. நாலு தசமத்துக்கு அப்புறம் எங்கயோ ஒரு புள்ளி. எல்லாரும் உங்கள வச்சுச் சிரிக்கறாங்க. அதாவது தெரியுமா உங்களுக்கு?"

மாமா பையிலிருந்த மூன்று பேனாக்களையும் ஒருமுறை சரிசெய்தார்.

"தெரியும் பிள்ள" என்றார். பிறகு, "பரீட்ச நடத்துதவங்க மார்க்க ஏழு தசமம் வரைக்கும் போடுதாங்கல்லா? யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னா ஏன் போடுதாங்க?"

அப்பா தண்ணீர் பாட்டிலை முதலில் மாமாவிடம் நீட்டினார்.

அதற்குப் பிறகு மாமா மாவு வாங்க வருவதை நிறுத்திக்கொண்டார். அத்தை மட்டும் வந்தார். "அவுகளுக்கு வயிறு சரியில்ல" என்றார். மூன்று வாரமாக ஒரு மனிதருக்கு வயிறு சரியில்லாமல் இருக்கும்போது அவர் வீட்டுக்கு இட்லி மாவு எதற்கு என்று அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். நான் குனிந்துகொண்டேன்.

முடிவு வந்தது. கணக்கில் நான் வாங்கியது இருநூற்று ஐம்பதுக்கு நூற்று முப்பத்து நான்கு. அதைப் பார்த்ததும் துணிக்கடை கண்முன் வந்தது. ஆனால் பக்கத்தில், நார்மலைசேஷன் கட்டத்தில், இருந்தது நூற்று எழுபத்தொன்று. கேட்டில் அன்று அழுதவர்கள் அத்தனை பேருக்கும் அதே கருங்கல்தான். நூறு பேரில் தொண்ணூற்றாறு பேர் என் அளவிலோ எனக்குக் கீழோ நின்றிருந்தார்கள். சுலபமான ஷிப்டுகளில் அதே இடத்தில் நின்றவர்கள் வாங்கிய மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் என்னைத் தூக்கி வைத்திருந்தார்கள். அதுவரை ஒரு சூத்திரமாக மட்டுமே எனக்குத் தெரிந்திருந்த விஷயம், அன்று ஒரு கை மாதிரி இருந்தது.

மாமா வீட்டுக்கு ஓடினேன். அத்தை கதவைத் திறந்து, சாமி அலமாரியைக் காட்டினார். திருச்செந்தூர் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாமாவின் மதிப்பெண் தாள் குங்குமப் பொட்டோடு நின்றது. அறுபத்து மூன்று. பர்சென்டைல் ஐம்பத்தேழு.

"பாதிப் பேருக்கு மேல வந்துட்டாக" என்று கிசுகிசுத்தார் அத்தை. "கல்யாணம் ஆன நாள்லேருந்து அவுக பாஸான மொத பரீட்சை. வெளிய சொல்லிராத, வெக்கப்படுதாக."

மாமா பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டுக்குப் பின்னால் மறைந்தார்.

"மாமா, எனக்கு தொண்ணூத்தாறு."

துண்டு அசைந்தது.

"உங்களுக்கு அம்பத்தேழு. நீங்க எனக்குக் கீழதான் இருக்கீங்க."

துண்டு மேலும் அசைந்தது.

"கடைசியா நிக்கணும்னு அவசியமே இல்ல மாமா. எனக்குக் கீழ எங்க நின்னாலும் ஒண்ணுதான். மைனஸ் அம்பதும் அறுபத்து மூணும் எனக்கு ஒரே கணக்கு. ரெண்டு வருஷமா நான்தான் உங்களுக்குச் சரியாச் சொல்லித்தரல."

துண்டு விலகியது.

"அப்ப நான் ஒழுங்காவே எழுதியிருக்கலாமா பிள்ள?"

"ஆமா மாமா."

"அடப்பாவி!" என்றார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். அத்தை காபி போட உள்ளே போனார். போகிற வழியில் அலமாரியிலிருந்த குங்குமத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

முதல் சுற்றுப் பட்டியலில் என் பெயர் இல்லை. அப்பாவின் வார்த்தைக்காகத் துணிக்கடையில் சேர்ந்தேன். மூன்றாம் நாள், ஒரு குடும்பத்துக்குக் கல்யாண ஜவுளிக்குப் பில் போட்டுக்கொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது. இரண்டாம் சுற்று. புள்ளியியல். நான் கேட்ட அதே கல்லூரி. மேனேஜர், "ஜல்தி கரோ, ஜல்தி!" என்று கத்தினார். அந்தக் கடையில் நான் கடைசியாகக் கீழ்ப்படிந்த உத்தரவு அதுதான். ஜல்தியாக வெளியே வந்து பஸ் பிடித்தேன்.

அந்தச் சுற்றில் கடைசியாக இடம் கிடைத்தவரின் மொத்த மதிப்பெண்ணையும் போட்டிருந்தார்கள். அது என்னுடையதுதான். தசமப் புள்ளிக்கு அப்புறம் இருந்த எண்கள் உட்பட, எல்லாம் என்னுடையவை. எனக்கு அடுத்து நின்று இடம் கிடைக்காமல் போனவர் எவ்வளவு பின்னால் இருந்தார் என்பது எனக்குத் தெரியாது. முழு எண்ணிலா, ஐந்தாம் தசமத்திலா? மாவு வரிசை மட்டும் ஒரே குரலில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. "மாமாவோட புள்ளிதாம்மா அது!" மூன்றாவது டவர்க்காரர்கூட ஒப்புக்கொண்டார்.

மாமா அதன் பிறகு அந்தத் தேர்வை எழுதவில்லை. "ருசி கண்டுட்டேன் பிள்ள. இனிமே போனா சரியாத்தான் அமுக்குவேன். பாவம், பிள்ளைக பொழப்பு" என்றார். போன வருடம் ஓய்வு பெற்று இருவரும் திருநெல்வேலிக்குப் போய்விட்டார்கள்.

இப்போது நான் கல்லூரியில் இரண்டாம் வருடம். ஆயிரக்கணக்கானோர் உள்ள ஒரு கூட்டத்திலிருந்து ஒரே ஒருவரை நீக்கிவிட்டால் விடை ஏறக்குறைய மாறாது என்று எங்கள் பாடப்புத்தகம் சொல்கிறது. நானும் அதை அப்படியே எழுதி, முழு மதிப்பெண்ணும் வாங்குகிறேன். நம்பத்தான் முடிவதில்லை.